மேளம் அடிப்பது எப்படிப் பாடம் ஆகும்?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். பிரேசிலின் சல்வடோர் நகரத்துக் கார்னிவல் திருவிழா வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளைத் துணி சுற்றிய பெருங்கூட்டம் ஒன்று மேளத்தோடு போகிறது. அதற்குக் கீழே ‘இது இனவெறிக்கு எதிரான கல்வி இயக்கம்’ என்று எழுதியிருந்தது. கறுப்பினத்தவர் மட்டும்தான் அதில் ஊர்வலம் போகலாம் என்றும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். மேளம் அடித்து ஆடுவது எப்படிக் கல்வி ஆகும் என்பது முதல் கேள்வி. ஒரு நிறத்தாரை மட்டும் சேர்ப்பதே இனவெறி இல்லையா என்பது இரண்டாவது. கடைசியில், நம்மைப் போன்ற வெளியாட்கள் போய்ப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்த குழுவின் பெயர் இலே ஐயே. மூன்றுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக ஆரம்பித்து, அப்புறம் ஆசிரியர் பயிற்சிக்குப் போனவள். கணவரின் வேலை காரணமாக மூன்று வருடம் சல்வடோரில் இருந்தோம். அங்கே ஒரு சின்ன மேளக் குழு, வெளியூரில் யாருக்கும் பெயர் தெரியாத குழு, தன் பேட்டைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியது. அதில் உதவிக்குப் போனேன். வகுப்பைப் பற்றி நான் சொல்வது கண்ணால் பார்த்தது. வரலாறு, படித்தும் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

நான் போன இரண்டாவது வாரம். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். வகுப்பு எடுத்த பெண், “தோல் நிறப் பென்சிலை எடுங்கள்” என்றாள். பன்னிரண்டு கைகளும் ஒரே பென்சிலைத்தான் எடுத்தன. வெளிர் ரோஜா நிறம். பிரேசிலில் அந்தப் பென்சிலுக்குப் பேச்சுவழக்கில் பெயரே ‘தோல் நிறம்’தான். “சரி, அதை உங்கள் கையில் வைத்துப் பாருங்கள்” என்றாள். அங்கே இருந்த ஒரு பிள்ளைக்கும் அந்த நிறம் இல்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒரு சிறுமி பெட்டியைக் கவிழ்த்து, பழுப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, காவி ஒன்று என்று எடுத்து முழங்கையில் வைத்து வைத்துப் பார்த்தாள். பழுப்பின் மேல் லேசாகக் கறுப்பைத் தேய்த்தால் சரியாக வருகிறது என்று கண்டுபிடித்தாள். முதலில் மேள வாத்தியாரை வரைந்தாள், அப்புறம் தன் பாட்டியை. தன்னை வரைய அவளுக்கு அடுத்த வாரம் வரை ஆனது.

இத்தனை வருடம் வகுப்பறையில் இருந்தும், ஒரு பென்சிலின் பெயர் பிள்ளையிடம் என்ன சொல்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. அந்த ஊர்க் குழுக்கள் எதைச் சரிசெய்யப் புறப்பட்டன என்பது எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

அமெரிக்கக் கண்டத்திலேயே கடைசியாக அடிமை முறையை ஒழித்த நாடு பிரேசில். ஆண்டு 1888. அடிமை வணிகத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து மிக அதிகமான மக்கள் கொண்டுவரப்பட்டதும் அங்கேதான், ஏறக்குறைய 48 லட்சம் பேர். 2022 மக்கள்தொகைக் கணக்கில் தங்களைக் கறுப்பர் என்றோ பழுப்பு நிறத்தவர் என்றோ சொன்னவர்கள் நாட்டில் பாதிக்கும் மேல். சல்வடோரில் நூற்றுக்கு 80க்கும் மேல். ஆனாலும் ‘எங்களிடம் இனவெறி கிடையாது, நாங்கள் எல்லோரும் கலந்தவர்கள்’ என்பதுதான் அந்த நாடு தன்னைப் பற்றி நெடுங்காலம் சொல்லிவந்த கதை. ராணுவ ஆட்சி 1970 கணக்கெடுப்பில் நிறம் பற்றிய கேள்வியையே எடுத்துவிட்டது. கேள்வி இல்லையென்றால் பிரச்சினையும் இல்லையாம். அதே காலத்தில் வேலைவாய்ப்பு விளம்பரங்களில் ‘நல்ல தோற்றம் தேவை’ என்று போடுவார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கறுப்பினப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். பாடப் புத்தகத்தில் கறுப்பர் வருவது இரண்டு இடத்தில்: சங்கிலியோடு கப்பலில், அல்லது ஏப்ரனோடு சமையலறையில். இதைப் பக்கம் பக்கமாக எடுத்துக் காட்டியவர், சல்வடோரைத் தலைநகராகக் கொண்ட பாஹியா மாநிலத்தின் கல்வியாளர் ஆனா செலியா ட சில்வா.

இந்தப் பின்னணியில்தான் 1974 நவம்பர் 1ஆம் தேதி, சல்வடோரின் லிபெர்தாதே பகுதியில் குருஸூ என்ற ஏற்றத்தெருவில் சில இளைஞர்கள் ஒரு குழு தொடங்கினார்கள். லிபெர்தாதே என்றால் விடுதலை. தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள் ‘வோவோ’, அதாவது தாத்தா, என்று சின்ன வயதிலேயே பட்டப்பெயர் வாங்கிய அந்தோனியோ கார்லோஸ் தொஸ் சாந்தோஸும், அவர் நண்பர் அபோலோனியோவும். முதலில் நினைத்த பெயர் ‘கறுப்பர் அதிகாரம்’. ராணுவ ஆட்சியில் அந்தப் பெயரோடு தெருவுக்கு வந்தால் வீடு திரும்ப முடியாது என்று கைவிட்டு, மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மொழியில் இலே ஐயே என்று வைத்தார்கள். உலகம் என்னும் வீடு என்று சொல்லலாம். 1975 கார்னிவலில் சுமார் நூறு பேர் ஊர்வலம் போனார்கள். ஆ தார்தே என்ற உள்ளூர் நாளிதழ், ‘இனவெறிக் குழு, சுருதி சேராத ஓசை’ என்ற பொருளில் தலைப்பிட்டுத் திட்டியது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஐம்பது வயது ஆகிறது, பாருங்கள்.

அந்த முதல் ஊர்வலத்தின் முன்னால் நடந்தவர் வோவோவின் அம்மா, ஹில்டா. காந்தோம்ப்ளே என்ற ஆப்பிரிக்க வழி வந்த சமயத்தின் பூசாரி அவர். பிள்ளைகளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயத்தில் கூடவே வந்தார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. பாஹியாவில் அந்தச் சமயத்தின் கோயில்கள் சடங்கு நடத்தப் போலீஸிடம் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டிய நிலை 1976 ஜனவரி வரை இருந்தது. சாமி கும்பிடப் போலீஸ் அனுமதி கேட்க வேண்டிய ஒரு தாய், நூறு பிள்ளைகளை மேளத்தோடு நகரத்துக்குள் கூட்டிப் போனார். என்னைக் கேட்டால், அந்தக் குழுவின் முதல் பாடம் அந்த நடைதான்.

இப்போது ‘இது திருப்பிப் போட்ட இனவெறி இல்லையா’ என்பதற்கு வருகிறேன். நிச்சயமாகச் சொல்லக்கூடியது இது. அந்தக் காலத்தில் நகரத்தின் வசதியான கார்னிவல் குழுக்களில் கறுப்பினத்தவருக்கு இடம் கிடையாது. எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. விண்ணப்பத்தோடு புகைப்படமும் முகவரியும் கேட்பார்கள், அவ்வளவுதான். பணம் கட்டியவர்களைச் சுற்றி ஒரு கயிறு போகும். உள்ளே பெரும்பாலும் வெளுத்த முகங்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நடக்கும் கூலியாட்கள் கறுப்பர்கள். இந்தக் கயிற்றை நானே பார்த்திருக்கிறேன், இன்னும் போய்விடவில்லை. எல்லாக் கதவும் திறந்திருக்கும் ஊரில் ஒரு கதவை மூடுவது வேறு, எல்லாக் கதவும் மூடியிருக்கும் ஊரில் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்வது வேறு. கறுப்பினத்தவர் மட்டும் என்ற இலே ஐயேயின் விதியால் ஒரு வெள்ளையருக்கு வேலை போகவில்லை, படிப்பு போகவில்லை, வாடகை வீடு போகவில்லை. இனவெறியை நான் அளப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். அந்த விதி என்றைக்கும் இருக்க வேண்டுமா என்பதில் கறுப்பினத்தவருக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஒலோடும் போன்ற குழுக்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் வழியில் போயின. எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

சரி, மேளம் எப்படிப் பாடம் ஆகிறது? இதைத்தான் நிதானமாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் பாடத்திட்டம் வகுப்பதே என் தொழில், இவ்வளவு நேர்த்தியான ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இலே ஐயே ஒவ்வொரு கார்னிவலுக்கும் ஒரு கருப்பொருள் எடுக்கும். ஆரம்ப வருடங்களில் ஆப்பிரிக்க நாடுகளும் இனக்குழுக்களும். 1980களில் அங்கோலா, செனகல் என்று போய், 1989இல் பல்மாரெஸ். அது 17ஆம் நூற்றாண்டில் தப்பி ஓடிய அடிமைகள் பிரேசில் காட்டுக்குள் கட்டி எழுப்பிய ஊர்களின் கூட்டம். அதன் தலைவன் ஸும்பி 1695 நவம்பர் 20 அன்று கொல்லப்பட்டான்.

கருப்பொருள் முடிவானதும் குழுவில் படித்தவர்கள் உட்கார்ந்து ஆராய்ந்து ஒரு கையேடு எழுதுவார்கள். அந்தக் கையேடு முதலில் போவது பாட்டுக் கட்டுபவர்களிடம். அவர்கள் பஸ் ஓட்டுபவர்கள், கட்டிட வேலை செய்பவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள். கையேட்டைப் படித்தால்தான் பாட்டுக் கட்ட முடியும். அப்புறம் பாட்டுப் போட்டி. மாதக்கணக்கில் பேட்டை முழுக்க அந்தப் பாட்டுகளைப் பாடி, எது நன்றாக இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொள்ளும். அதே கருப்பொருளிலிருந்து அந்த வருடத்துத் துணிக்கு ஓவியம் பிறக்கும். சுமார் இருபத்தைந்து வருடம் அந்தத் துணிகளை வரைந்தவர் ஜே. குன்யா என்ற ஓவியர். கார்னிவல் அன்று ஆயிரக்கணக்கானோர் பாடத்தை உடம்பில் உடுத்திக்கொண்டு, வாயில் பாடிக்கொண்டு, காலில் ஆடிக்கொண்டு போவார்கள். கார்னிவல் முடிந்த பிறகும் துணி வீட்டில் இருக்கும், தலையணை உறையாகவோ பிள்ளையின் சட்டையாகவோ. பள்ளிக்கே போகாத ஒரு பாட்டியம்மாவால் செனகல் எங்கே இருக்கிறது, அங்கிருந்து யார் வந்தார்கள் என்று சொல்ல முடிகிறது என்றால் காரணம் இதுதான். ஒரே பாடத்தைக் காதும் வாயும் கண்ணும் காலும் சேர்ந்து படித்தால் எப்படி மறக்கும்?

தலைமுடியும் அந்தப் பாடத்தில் ஒரு பகுதி. 1970களின் இறுதியிலிருந்து அவர்கள் ‘கறுப்பு அழகின் இரவு’ என்று ஒன்று நடத்துகிறார்கள். அதில் தேர்வாகும் பெண்ணுக்குப் பட்டம் ‘கருங்காலி தேவதை’. கருங்காலி மரத்தின் நிறம்தான் அங்கே பெருமை. இது நீச்சலுடை போட்டு நடக்கும் அழகிப் போட்டி இல்லை. ஆட்டம், நிற்கும் நிமிர்வு, தலைக்கட்டு, பின்னல், இதையெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஹில்டா அம்மாவின் மகள் தேத்தே லீமா துணியைப் பெண்களின் தலையிலும் உடம்பிலும் சுற்றிச் சுற்றிக் கட்டுவதில் பேர் போனவர். எங்கள் குழுவிலும் ஒரு அத்தை இருந்தார். பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்து இரண்டு மீட்டர் துணியைத் தலையில் சுற்றிக் கட்டுவார். கட்டும்போது பேசிக்கொண்டே இருப்பார்: இந்தக் கட்டு யாருடையது, இந்தப் பின்னலுக்கு என்ன பெயர் என்று. வகுப்பில் யாரோ ‘இரும்புப் பஞ்சு’ என்று கேலி செய்த முடியை வருடிக்கொண்டே பேசுவார். முடியைச் சூடு வைத்து நீட்டிக்கொண்டு வந்த ஒரு பெண், கட்டு முடிந்து எழுந்தபோது கண்ணாடியை விட்டு நகரவே இல்லை.

இதிலிருந்துதான் நிஜமான பள்ளிகளும் முளைத்தன. 1988இல் ஹில்டா அம்மா தன் கோயிலில் சடங்கு நடக்கும் கூடத்திலேயே ஒரு பள்ளி தொடங்கினார். 1992இல் இலே ஐயே பிள்ளைகளுக்கு ‘பாண்ட் எரே’ என்ற மேளப் பள்ளி தொடங்கியது. 1995இலிருந்து கருப்பொருள் கையேடுகள் கல்விக் குறிப்பேடுகளாக அச்சாகி ஆசிரியர்கள் கைக்குப் போயின. 2003இல் திறந்த தலைமையகத்துக்கு அவர்கள் வைத்த பெயரில் அடிமைக் கொட்டடியைக் குறிக்கும் சொல்லே இருக்கிறது. 1979இல் பெலோரின்யோ பகுதியில் ஒலோடும் பிறந்தது. பெலோரின்யோ என்றால் அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த கல்தூண். அந்தப் பெயர் தாங்கிய இடத்தில் 1980களில் தெருப்பிள்ளைகளுக்கு மேளம் சொல்லிக்கொடுத்தார்கள். அதே 1979இல் இட்டபுவாங் பகுதியில் பிறந்த மலே தெபாலே, 1835இல் சல்வடோரில் கிளர்ந்தெழுந்த முஸ்லிம் அடிமைகளின் பெயரைத் தாங்கியது. அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அரபு எழுத்தில் அவர்கள் எழுதி வைத்திருந்த தாள்கள் போலீஸ் கையில் சிக்கின. அடிமை என்றால் எழுத்தறிவில்லாதவன் என்று படித்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஒரு தகவல் எவ்வளவு பெரிய விஷயம்! 1992இல் தொடங்கிய ஸ்டீவ் பிக்கோ பண்பாட்டு நிறுவனத்திடம் மேளம் இல்லை. அது கறுப்பின மாணவர்களைப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்கிறது. கணக்கோடும் போர்த்துகீசியத்தோடும் குடிமை உரிமையையும் கறுப்பின உணர்வையும் ஒரு பாடமாக வைத்திருக்கிறது.

சல்வடோர்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று நினைத்துவிடாதீர்கள். 1931இல் சாவ் பாவுலோவில் தொடங்கிய பிரேசில் கறுப்பர் முன்னணி பள்ளி நடத்தியது. 1937இல் அதிபர் வர்காஸின் சர்வாதிகாரம் அதை மூடியது. 1944இல் ரியோவில் அப்தியாஸ் தொ நஸிமெந்தோ தொடங்கிய கறுப்பர் பரிசோதனை நாடகக் குழு, நடிக்க வந்த வீட்டு வேலைக்காரர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் முதலில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. எழுத்தறிவில்லாதவருக்கு 1985 வரை பிரேசிலில் ஓட்டுரிமை இல்லை என்பதைச் சேர்த்துப் பாருங்கள், அந்த வகுப்பின் கனம் தெரியும். இந்த எல்லாக் கைகளும் சேர்ந்து தள்ளியதில்தான் 2003 ஜனவரி 9 அன்று 10.639 எண் சட்டம் வந்தது. ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-பிரேசிலிய வரலாறும் பண்பாடும் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடம். அரசு பாடம் எழுத உட்கார்ந்தபோது குழுக்களிடம் கையேடு ஏற்கெனவே அச்சாகித் தயாராக இருந்தது.

இனி, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவை. இந்தக் குழுக்களில் வளர்ந்த பிள்ளைகளின் வாழ்க்கை அதனால்தான் மேம்பட்டது என்று எண்ணிக்கையில் நிரூபிப்பது கடினம். அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள்தான் முதலில் வருவார்கள், அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். தன்மானம் என்பது பரீட்சை வைத்து அளக்கும் பொருளும் இல்லை. நான் பார்த்த பிள்ளைகள் நிமிர்ந்து பேசினார்கள் என்று சொல்வேன், அதற்கு மேல் சொன்னால் நேர்மை இல்லை. பாடத்தின் உள்ளடக்கத்திலும் கேள்வி உண்டு. 1987இல் ஒலோடும் எகிப்தைக் கருப்பொருளாக எடுத்தது. துட்டங்காமுன், அக்கெநாத்தன் என்ற பாரோக்களின், அதாவது பழைய எகிப்திய மன்னர்களின், பெயர்களைத் தெருவே பாடியது. எகிப்து ஆப்பிரிக்க மண், அதற்குத் தெற்கே இருந்த நூபியாவிலிருந்து வந்த அரசர்கள் அதை ஆண்டதும் வரலாறு. ஆனால் பாரோக்கள் எல்லோரும் இன்றைய பொருளில் கறுப்பர்களே என்று சொன்னால் வரலாற்றாசிரியர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அரசர்களையும் அரசிகளையும் மட்டுமே முன்னோராகக் காட்டுவதிலும் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. கரும்பு வெட்டியவளும் துணி வெளுத்தவளும் பிள்ளையின் பாட்டிதானே? பென்சில் வகுப்புப் பிள்ளை தன்னை வரைவதற்கு முன்பே வரைந்தது அந்தப் பாட்டியைத்தானே.

வசதிகளின் நிலைமையும் நீங்கள் வீடியோவில் பார்த்த அளவுக்குப் பளபளப்பானது இல்லை. பெரிய ஸ்பான்சர்கள் பிரபலப் பாடகர்கள் நின்று பாடும் மேடை லாரிகளுக்குப் போகிறார்கள். இலே ஐயே போன்ற கறுப்பினக் குழுக்களுக்கு ஊர்வல நேரம் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு, டிவி கேமராக்கள் தூங்கப் போன பிறகு. ஒலோடும் உலகப் புகழ் பெற்ற அதே 1990களில் பெலோரின்யோவைச் சுற்றுலாவுக்காகப் புதுப்பித்தபோது, அங்கே குடியிருந்த ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டன. மேளச் சத்தம் இருந்தது, மேளம் அடித்தவர்களின் வீடு இல்லை. பண்பாட்டுக் குழு வீட்டுவசதி வாரியத்தின் வேலையையும் போலீஸைத் திருத்தும் வேலையையும் செய்ய முடியாது, அதைக் குழுக்களிடம் எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை.

கடைசியாக, போய்ப் பார்க்கலாமா? தாராளமாகப் போகலாம். நமக்குக் கொஞ்சம் உறவு கொண்ட ஒரு குழுவும் அங்கே இருக்கிறது. காந்தி கொல்லப்பட்ட அடுத்த ஆண்டு, 1949இல், சல்வடோர் துறைமுகச் சுமைத் தொழிலாளர்கள் தொடங்கிய ‘காந்தியின் பிள்ளைகள்’. வெள்ளை உடை, தலையில் வெள்ளைத் துண்டு, கழுத்தில் நீலமும் வெள்ளையுமாக மணிமாலை. இந்தியாவிலிருந்து வந்தவள் என்றதும் ஒரு முதியவர் தன் கழுத்திலிருந்து ஒரு மாலையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆனால் ஒரே ஒரு இரவுதான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், கார்னிவல் சனிக்கிழமை இரவு குருஸூ ஏற்றத்துக்குப் போங்கள். டிக்கெட் கிடையாது. சீக்கிரம் போனால் கோயில் வாசலுக்கு எதிரே இடம் கிடைக்கும். 2009இல் ஹில்டா அம்மா மறைந்த பிறகும் அந்தச் சடங்கு நடக்கிறது. ஊர்வலம் கிளம்பும் முன்னால் வெள்ளைப் புறாக்களைப் பறக்க விடுவார்கள். அப்புறம் கை நிறையச் சோளப்பொரியை எடுத்துக் கூட்டத்தின் மேல் வீசுவார்கள், நோய் தீர்க்கும் தெய்வமான ஒமொலுவுக்கு உரிய பொரி அது. யார் என்ன நிறம் என்று பார்த்து வீசுவதில்லை. உங்கள் தலையிலும் விழும். தட்டிவிடாமல் நில்லுங்கள், அடுத்த நிமிஷம் மேளம் தொடங்கிவிடும்.